தேருக்கு விலக்கு

கெர்லிங்கைத் தாண்டி தஞ்சோங் மாலிம் போகும் பழைய நெடுஞ்சாலையில் கலும்பாங் ஒரு சின்ன ஊர். சாலையோரம் ஒரு வரிசைக் கடைகள், ஒரு ரயில் நிலையம். சுற்றிலும் அன்றைக்கு ரப்பர், இன்றைக்குச் செம்பனை. வடக்கே பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். ஊரின் பெயரிலேயே ஒரு மரமும் உண்டு. மலாய்க்காரர்கள் கெலும்பாங் என்று சொல்லும் அந்த மரத்துக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு பெயர்கள். பூவின் வீச்சத்தை வைத்துப் பீநாறி. காயின் வடிவத்தை வைத்துக் குதிரைப்பிடுக்கன்.

இரண்டாவது பெயரை இன்று ஒரு பள்ளி மேடையில் சொல்ல ஆசிரியருக்கு நாக்கு கூசும். அதை வைத்தவர்களுக்குக் கூசவில்லை. காய் எப்படித் தொங்கியதோ அப்படிப் பெயரிட்டார்கள். ஒரு சொல் எந்த வயதில் ஆபாசமாகிறது, யார் காதில் விழும்போது ஆகிறது என்ற கேள்வி அந்த மரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது. ஆபாசம் என்ற சொல்லின் கதையும் அப்படித்தான். வடமொழியில் அது தோற்றத்தை, போலியைக் குறித்த சொல். தர்க்க நூல்களில் போலிக் காரணத்துக்கு இன்றும் ஹேத்வாபாசம் என்றே பெயர். தமிழில் அது அருவருப்பாகி, பிறகு சட்டப் புத்தகத்தில் ஏறி, குற்றத்தின் பெயராகிவிட்டது.

அந்தக் குற்றத்துக்கு மலேசியாவில் ஒரு எண் இருக்கிறது: தண்டனைச் சட்டம், 292ஆம் பிரிவு. ஆபாசமான புத்தகமோ படமோ பொருளோ விற்றால், வாடகைக்கு விட்டால், வெளிப்படையாகக் காட்டினால், அந்த நோக்கத்தோடு கையில் வைத்திருந்தால், 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வாங்குபவர் 20 வயதுக்குக் கீழே என்றால் 293ஆம் பிரிவு. சிறை 5 ஆண்டு வரை. பொது இடத்தில் ஆபாசச் செயலோ பாட்டோ என்றால் 294.

இந்த எண்கள் மலாயாவில் பிறந்தவை அல்ல. தோட்டத்துத் தமிழர்கள் வந்த வழியிலேயே வந்தவை.

1837இல் மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றும் 1867 வரை கல்கத்தாவின் ஆளுகையில் இருந்தவை. பிரிந்து லண்டனின் நேரடிக் கைக்குப் போன பிறகும் குற்றவியல் சட்டத்துக்குப் பழைய வீட்டையே நாடினார்கள். இந்தியச் சட்டத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்து 1872இல் அங்கே அமலாக்கினார்கள். அது பிறகு சிலாங்கூர், பேராக் பக்கம் பரவி, 1936இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தண்டனைச் சட்டமாக நிலைபெற்று, இன்று மலேசியாவின் 574ஆம் எண் சட்டமாக இருக்கிறது. இதே காலத்தில்தான் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து, உலுசிலாங்கூர், கோலசிலாங்கூர் தோட்டங்களின் லயங்களில் குடியேறினார்கள். மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள், கூத்தைக் கொண்டுவந்தார்கள். 292 தனியே வந்து சேர்ந்தது.

வரும்போது அது இன்னொன்றையும் சுமந்து வந்தது. இந்தப் பிரிவின் அடியில் ஒரு விலக்கு உண்டு. கோயிலின் உள்ளோ புறமோ செதுக்கிய, தீட்டிய உருவங்களுக்கும், தெய்வ உருவங்களை ஏற்றிச் செல்லும் தேரில் உள்ள உருவங்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது என்கிறது அது. இந்தியாவை ஆண்ட வெள்ளைக்காரர்கள் நம் கோயில்களின் தேர்ச் சிற்பங்களைப் பார்த்தவர்கள். தேர்த்தட்டின் கீழ்வரிசையில் கூடி நிற்கும் ஆண் பெண் உருவங்களை ஆபாசம் என்று சொல்லப்போனால் ஊர் கொந்தளிக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே தேரை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுச் சட்டம் எழுதினார்கள். அந்த வாக்கியம் கடல் தாண்டி வந்து, இஸ்லாம் கூட்டரசின் சமயமாக உள்ள ஒரு நாட்டின் சட்டத்தில், ஒன்றரை நூற்றாண்டாக அசையாமல் நிற்கிறது. மலேசியத் தமிழர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

சட்டம் ஆபாசம் என்றது. ஆபாசம் எது என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது 1868ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலத் தீர்ப்பு. உல்வர்ஹாம்ப்டன் ஊரில் ஹென்றி ஸ்காட் என்பவர் கத்தோலிக்கப் பாவமன்னிப்பு முறையைத் தாக்கி அச்சான ஒரு சிறு நூலை லாபமில்லாமல் ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். 252 பிரதிகள் பறிமுதலாயின. ஹிக்லின் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் தலைமை நீதிபதி காக்பர்ன் ஓர் அளவுகோல் வகுத்தார். ஒரு எழுத்து யாருடைய மனம் எளிதில் கெடக்கூடியதோ அவர்களைக் கெடுக்கும் போக்குடையதா, அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரக்கூடியதா என்று பார்க்க வேண்டும். எழுதியவரின் நோக்கமும் நூலின் முழுமையும் இரண்டாம் பட்சம்.

எளிதில் கெடக்கூடிய மனம் யாருடையது? இங்கிலாந்தில் அது சிறுவர்களுடையது, வேலைக்காரப் பெண்களுடையது, ஒரு ஷில்லிங் மட்டுமே செலவழிக்கக்கூடிய ஏழையுடையது. காலனி நாடுகளில் அது சுதேசியுடையது. விலை உயர்ந்த புத்தகம் துரையின் பங்களா அலமாரியில் இருக்கலாம். மலிவுப் பதிப்பு லயத்துக்கு வரக்கூடாது. இந்த ஏற்றத்தாழ்வு சட்டத்தில் ஒளிந்திருக்கவில்லை, அதன் அளவுகோலாகவே இருந்தது.

சினிமா வந்ததும் அந்த அச்சம் பல மடங்கு பெருகியது. படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். 1918இல் இந்தியாவில் சினிமாட்டோகிராஃப் சட்டம். 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள். அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரிகள் குட்டைப் பாவாடையில் ஆடுவதையும் முத்தமிடுவதையும் பார்த்தால் கூலிகளின் கண்ணில் வெள்ளை இனத்தின் மதிப்பு சரிந்துவிடும் என்று சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை அதிகாரிகள் அஞ்சினார்கள். 1927இல் இதை விசாரிக்க அமைந்த குழுவுக்குத் தலைவர் ஒரு தமிழர், சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு ஊர் ஊராகப் போய் 353 சாட்சிகளை விசாரித்தது. பிரிட்டிஷ் படங்களுக்குச் சலுகை தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தது. குழு 1928இல் தந்த அறிக்கையில் அந்தச் சலுகைக்கு இடம் தரவில்லை. படங்களால் இந்தியர் கெட்டுப்போகிறார்கள் என்ற கூச்சலையும் அப்படியே ஏற்கவில்லை. அரசு அறிக்கையைக் கிடப்பில் போட்டது.

ஆக, தோட்டத்துக்கு வந்த தமிழ்ப்படம் இரண்டு முறை வெட்டுப்பட்டு வந்தது. சென்னையில் ஒரு கத்திரி, மலாயாவில் இன்னொன்று.

தோட்டத்துத் திடலில் படம் போடும் இரவை நினைத்துப் பார்க்கலாம். இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. தள்ளி நிற்கும் வண்டியில் படக்கருவி, அதற்கு அப்பால் உறுமும் ஜெனரேட்டர். விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், பால்வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வந்தவர்கள் பாயையும் பலகையையும் தூக்கிக்கொண்டு இருட்டுக்கு முன்பே இடம் பிடிப்பார்கள். குழந்தைகள் திரைக்கு அருகில், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நாயகன் நாயகியின் தோளைத் தொடுகிறான். டப்பென்று ஒரு சத்தம். அடுத்த கணம் இருவரும் வேறு இடத்தில் வேறு வசனம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். படச்சுருளை வெட்டி ஒட்டினால், ஓரத்தில் ஓடும் ஒலித்தடமும் சேர்ந்து வெட்டுப்படும். ஒட்டு ஒளிக்கதிரைக் கடக்கும்போது அந்தச் சத்தம் எழும். கத்திரி போன இடத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். அங்கே என்ன இருந்தது என்பதை ஒவ்வொருவரும் மனத்துக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். தணிக்கை செய்தவரால் அதை மட்டும் தணிக்கை செய்ய முடியவில்லை.

தமிழ்ப்படங்களில் முதன்முதலாக இந்தியாவில் வயதுவந்தோருக்கு மட்டும் என்ற 'ஏ' சான்றிதழ் பெற்றது 1951இல் வந்த மர்மயோகி. எம்.ஜி.ஆர். நடித்த படம். காரணம் பெண்ணுடலும் அல்ல, முத்தமும் அல்ல. படத்தில் ஒரு ஆவி வருகிறது, குழந்தைகள் பயந்துவிடுவார்கள். அவ்வளவுதான். 'ஏ' என்ற எழுத்துக்குப் பிற்காலத்தில் சுவரொட்டிகள் கொடுத்த அர்த்தத்தை வைத்துப் பார்த்தால், அந்தத் தொடக்கம் நம்பமுடியாத அளவு வெள்ளையாகத் தெரிகிறது.

அச்சுப் பக்கம் நடந்தது அப்படி வெள்ளையானது அல்ல. பெங்களூர் நாகரத்தினம்மாளை இன்று திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பியவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1910இல் சென்னையில் அவர் ஒரு தெலுங்கு நூலைப் பதிப்பித்தார். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகையர் குலக் கவிஞர் இயற்றிய ராதிகா சாந்த்வனம். முந்தைய பதிப்பில் பாடல்கள் நீக்கப்பட்டிருப்பதைக் கண்ட நாகரத்தினம்மாள், சுவடியைத் தேடிப் பிடித்து, நீக்கியதையெல்லாம் சேர்த்து வாவிள்ள நிறுவனத்தார் வழியே வெளியிட்டார். சமூகச் சீர்திருத்தத்தில் பெரும்பெயர் பெற்ற கந்துகூரி வீரேசலிங்கம், பெண் வாயிலிருந்து வரத்தகாத எழுத்து என்று அந்தக் கவிஞரைச் சாடியிருந்தார். நாகரத்தினம்மாள் தன் முன்னுரையில் திருப்பிக் கேட்டார்: வெட்கம் பெண்ணுக்கு மட்டும் உரியதா? இதைவிடப் பச்சையாக ஆண்கள் எழுதியவற்றைப் பெரியவர்களே போற்றிப் பரிந்துரைக்கவில்லையா?

1911இல் சென்னைக் காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அறிஞர்கள் மனுக் கொடுத்தும் அரசு இறங்கிவரவில்லை. டங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1946–47இல்தான் தடை விலகியது. தெலுங்கு இலக்கிய மாலையில் முத்துகளை மறுபடி கோத்தது போன்றது அந்த முடிவு என்று மகிழ்ந்தார் பிரகாசம். தடை விதித்தபோது முப்பதுகளில் இருந்த நாகரத்தினம்மாள் அது நீங்கியபோது எழுபதை நெருங்கியிருந்தார். இடைப்பட்ட காலத்தில் தன் பொருளையெல்லாம் திருவையாற்றில் கொட்டி, அங்கே பெண்கள் பாடும் உரிமையைப் போராடி வாங்கிக்கொடுத்திருந்தார். 1952 மே மாதம் இறந்தார்.

1952ஐ இந்தக் கதையில் ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தியாவின் இன்றைய திரைப்படத் தணிக்கைச் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. மலாயாவின் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. தணிக்கை வாரியம் 1954இல் அமைந்தது. மார்ச் 25 அன்று, கலும்பாங்கிலிருந்து சில மைல் தூரத்தில், தஞ்சோங் மாலிமில் கம்யூனிஸ்ட்டுகளின் பதுங்கித் தாக்குதலில் 12 பேர் இறந்தார்கள். மலாயாவின் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர் முழுவதற்கும் தண்டனை விதித்தார். நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டில் வெட்டு. இந்த அவசரகால ஆண்டுகளில் அரசின் பிரச்சார வண்டிகள் தோட்டம் தோட்டமாகச் சுற்றின. 1946இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த படங்களைத் திடல்களில் இலவசமாகக் காட்டின. தோட்டத்து மனம் எளிதில் கெடும் என்று எந்த அரசு சொன்னதோ, அதே அரசு அந்த மனத்துக்குள் நுழையத் திரையைத்தான் நம்பியது.

ஏறக்குறைய அதே நாட்களில், தஞ்சோங் மாலிமிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வரும் ஈப்போவில், மெஜெஸ்டிக் அரங்கு மேடையில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தார். சுழன்று திரும்பியபோது மார்க்கச்சின் கொக்கி அறுந்தது. அவர் உறைந்து நின்றார். அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அந்த இரவுக்குப் பிறகு மலாயா முழுவதும் அவர் பெயர் தெரிந்தது: ரோஸ் சான்.

1925இல் சீனாவின் சூச்சோவில் பிறந்தவர். ஆறு வயதில் வளர்ப்புத் தாயோடு கோலாலம்பூர் வந்தார். படிப்பு இல்லை, சிறுமியாகவே பட்டறை வேலை. பதினாறு வயதில் சிங்கப்பூரின் வயதான ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு நான்காவது மனைவியாகக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாழ்வு நிலைக்கவில்லை. 1942இல், ஜப்பானியர் ஆட்சியில், ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் நடனக்கூடத்தில் சீட்டுக்கு ஆடும் பெண்ணாகச் சேர்ந்தார். அதே ஜப்பானியர் சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களைச் சயாம் மரண ரயிலுக்கு வாரிக்கொண்டு போன காலம் அது. பிழைக்க எது கிடைத்ததோ அதைச் செய்தவர்களின் காலம்.

பின்னர் ரோஸ் சான் தானே ஒரு குழு அமைத்தார். மலைப்பாம்போடு மல்லுக்கட்டினார், தொண்டையால் இரும்புக் கம்பியை வளைத்தார், ஆடை களைந்து ஆடினார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார். ஒவ்வோர் இடத்திலும் உரிமம் வாங்க வேண்டும். ஓர் ஊரில் கிடைக்கும், அடுத்த ஊரில் மறுக்கப்படும். தடை, மீண்டும் அனுமதி, மீண்டும் தடை. வரும் பணத்தில் அநாதை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் காசநோய் மருத்துவமனைக்கும் அள்ளிக்கொடுத்தார். 1976இல் மேடையை விட்டார். 1987 மே 26 அன்று மார்பகப் புற்றுநோயில் இறந்தார். அவர் கதையை எழுதியவர் பினாங்கு வழக்கறிஞரும் ஆங்கிலக் கவிஞருமான செசில் ராஜேந்திரா. நூல் 2013இல் வெளிவந்தது.

நாகரத்தினம்மாளையும் ரோஸ் சானையும் பக்கத்தில் வைப்பது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒருவர் சங்கீத வித்வாம்சினி, மற்றவர் ஆடை களைந்தவர். கலையில் இருவரும் ஒன்றல்லர். ஆனால் சட்டம் இருவரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டது. முத்துப்பழனியின் பாட்டைப் படித்த ஆண்களை அது கேட்கவில்லை. ரோஸ் சானின் கூடாரத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களையும் கேட்கவில்லை. பார்ப்பவனின் மனம் கெடாமல் காப்பாற்றக் கிளம்பிய சட்டம், பார்க்கப்படுபவளைக் குற்றவாளி வரிசையில் நிறுத்தியது. அவளுக்கு என்ன நேர்ந்தது, யார் விற்றார்கள், யார் லாபம் எடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கு 292இல் இடமே இல்லை.

தமிழ்நாட்டு சினிமாவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஏலூர்ப் பக்கத்துப் பெண் விஜயலட்சுமி, 1980இல் வண்டிச்சக்கரம் படத்தில் சில்க் ஸ்மிதா ஆனார். அடுத்த பத்தாண்டுகளில் பெட்டிக்குள் முடங்கிக்கிடந்த படங்களையும் அவருடைய ஒரு பாட்டைச் சேர்த்து விற்றார்கள். தணிக்கை அதிகாரி அவர் இடுப்பசைவை எத்தனை அடி வெட்டுவது என்று அளந்தார். விநியோகஸ்தர் எத்தனை அடி மிஞ்சியது என்று அளந்தார். 1996 செப்டம்பர் 23 அன்று சென்னை வீட்டில் அவர் இறந்துகிடந்தபோது வயது 35. இன்னொரு பக்கம், சின்னத் தியேட்டர்களின் காலைக்காட்சியில் பிட்டு ஓடியது. சான்றிதழ் பெற்ற ஒரு படத்தின் நடுவே, தணிக்கைக்கே போகாத சில நிமிடச் சுருளைச் செருகுவதுதான் பிட்டு. அதில் நடித்திருப்பது யார், சம்மதித்தா நடித்தார், தன் படம் எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்பாரில்லை. ரெய்டு வந்தால் ஆப்பரேட்டர் மாட்டுவார்.

294 வேறு திசையில் போனது. பொது இடத்தில் ஆபாசப் பாட்டு, சொல் என்பதற்கான இந்தப் பிரிவின் 'பி' உட்பிரிவைத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்கள் வரப்புத் தகராறுக்கும் குழாயடிச் சண்டைக்கும் போடத் தொடங்கின. 294 பி, 323, 506 என்று சேர்த்துச் சொல்லும் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்காத வழக்கறிஞர் அங்கே இருக்கமாட்டார். திட்டியவர்மேல் ஆபாச வழக்கு. வெறும் வசவு இந்தப் பிரிவுக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியும் பழக்கம் விடவில்லை.

தேருக்குக் கொடுத்த விலக்கு ஒரு தமிழ் நாவலுக்குக் கிடைக்கவில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவை நடுவில் வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய மாதொருபாகன் 2010இல் வந்தது. நான்காண்டு கழித்து எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. ஆபாசம் என்ற புகாரும் தடைக் கோரிக்கையும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அவற்றை நிராகரித்தது. பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவைக்கலாம். எழுத்தாளர் மறுபடி எழுதட்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஹிக்லின் அளவுகோலை இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டாண்டு முன்பு, 2014இல், அவீக் சர்க்கார் வழக்கில் கைவிட்டிருந்தது. அந்த அளவுகோல் பிறந்த இங்கிலாந்து 1959இலேயே அதை மாற்றிக்கொண்டுவிட்டது.

வடசிலாங்கூர்த் தோட்டங்களில் இதற்குள் திடல் படக்காட்சி மறைந்துவிட்டது. வீடியோ வந்தது, வாடகைக் கடை வந்தது. பிறகு பசார் மாலாமில் தார்ப்பாய் விரித்து வட்டுகள் விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததில் பல லயங்களே இல்லை. அங்கிருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி மலேசியா 2002இல் புதிய திரைப்படத் தணிக்கைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 5ஆம் பிரிவின்படி ஆபாசப் படத்தை விற்பதும் காட்டுவதும் மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். அபராதம் குறைந்தது 10,000 வெள்ளி, அதிகம் 50,000 வெள்ளி, அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குறைந்தபட்ச அபராதத்தைச் சட்டமே கட்டிவைத்திருப்பதால், தார்ப்பாய் விரித்தவருக்கு இரங்க நினைக்கும் நீதிபதிக்கும் அபராதத்தை அதற்குக் கீழே குறைக்க வழியில்லை.

பார்க்கப்படுபவரை நினைத்து எழுதிய சட்டம் 2017இல்தான் வந்தது. சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், எண் 792. குழந்தையை வைத்து ஆபாசப் படம் தயாரித்தால் 30 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். இங்கே குற்றம் படம் பார்ப்பவரின் மனம் கெடுவது அல்ல. ஒரு குழந்தைக்குக் கேடு நடந்திருக்கிறது என்பது. 1860லிருந்து எண்ணினால் அந்த இடத்துக்கு வந்து சேர 157 ஆண்டுகள்.

வந்து சேர்ந்த பிறகும் பழைய பழக்கம் முழுதாக விடவில்லை. 792இன் 10ஆம் பிரிவு குழந்தை ஆபாசப் படத்தை வைத்திருப்பவருக்கானது. அங்கே சிறை 5 ஆண்டு வரை, அபராதம் 10,000 வெள்ளி வரை. இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரியவர்கள் நடித்த படத்துக்கு எது மிகக் குறைந்த அபராதமோ, அதுவே குழந்தையைச் சீரழித்து எடுத்த படத்துக்கு மிக அதிகமான அபராதம். பார்ப்பவனின் ஒழுக்கத்துக்குப் போட்ட விலை, படத்தில் இருக்கும் குழந்தைக்குப் போட்ட விலையைவிட இன்னும் அதிகமாக இருக்கிறது. இது தவறு. திருத்தப்பட வேண்டியது.

பெற்ற தாயகத்தில் 292 இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 292 அங்கே 294 ஆகிவிட்டது, பழைய 294 இப்போது 296. மலேசியாவில் எண் மாறவில்லை. தேருக்கான விலக்கும் அதே பிரிவில் அப்படியே இருக்கிறது.